அவர் முதுகை முதலில் பார்த்தவள்

என் கணவரின் முதுகில் சிவப்புப் புள்ளிகள் இருப்பதை எனக்கு முன்னால் வேறொரு பெண் பார்த்துவிட்டாள். அதை அவரே என்னிடம் சொன்னார். அதுவும் ஏதோ கரண்ட் பில் வந்திருக்கிறது என்பது போல, சாதாரணமாக.

நான் ரவிக்கை தைப்பவள். கும்மிடிப்பூண்டி பஜாருக்குப் பின்னால் இருக்கும் எங்கள் வீட்டின் முன்னறையில்தான் மெஷின் போட்டிருக்கிறேன். தெருவில் பாதிப் பெண்களின் முதுகு எனக்கு மனப்பாடம். யாருக்கு வலது தோள் இறங்கியிருக்கும், யாருக்குக் கழுத்துக்குக் கீழே மச்சம், யார் அதை மறைக்கிற மாதிரி தைக்கச் சொல்வார்கள், எல்லாம் தெரியும். கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷமான புருஷனின் முதுகை மட்டும் நான் சரியாகப் பார்த்ததில்லை என்பது அந்தச் சனிக்கிழமை மாலைதான் எனக்கு உறைத்தது.

அவருக்கு சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு கம்பி ஆலையில் வேலை. இரும்பைக் காய்ச்சிக் கம்பியாக உருட்டும் இடம். ஃபர்னஸ் பக்கத்திலேயே எட்டு மணி நேரம். அது மே மாதம். ஷிஃப்ட் முடிந்து வந்தவர், குளித்துவிட்டு, சட்டை போடாமல் பின்பக்கம் நின்று போனை முதுகுக்குப் பின்னால் பிடித்து போட்டோ எடுக்க முயன்றுகொண்டிருந்தார். கை எட்டவில்லை. மாற்றி மாற்றிப் பிடித்துப் பார்த்தார்.

"இன்னாங்க பண்ணிக்கினு கீறீங்க?" என்றேன்.

"முதுவுல செவப்பு செவப்பா புள்ளி கீதாம். எப்டி கீதுன்னு பாக்கலாம்னு."

"யாரு சொன்னது?"

"சிஸ்டரு சொல்லிச்சு. ஒண்ணும் பயமில்லையாம். சும்மாதான் வருமாம்."

சிஸ்டர் என்றால் ஆலையின் முதலுதவி அறையில் இருக்கும் நர்ஸ். அப்படி ஒருத்தி இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். என் அடுத்த கேள்வி யாருக்கும் வரக்கூடிய கேள்விதான்.

"உங்க முதுவு அவுங்களுக்கு எப்டி தெரிஞ்சிது?"

அவர் போனைக் கீழே இறக்கினார். வியாழக்கிழமை மதியம் ஃபர்னஸ் அருகில் நிற்கும்போது கண்ணை இருட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டாராம். கூட வேலை செய்பவர்கள் தாங்கிக்கொண்டு போய் அந்த அறையில் படுக்க வைத்திருக்கிறார்கள். சட்டையைக் கழற்றி, முதுகெல்லாம் ஈரத்துணி போட்டுத் துடைத்துவிட்டிருக்கிறாள் அந்த சிஸ்டர். அரை மணி நேரத்தில் சரியாகிவிட்டதாம். "சொன்னா நீ பேஜாராவ, அதான் சொல்லல" என்றார்.

மயக்கம் வந்தது வியாழக்கிழமை. எனக்குத் தெரிந்தது சனிக்கிழமை. நடுவில் வெள்ளிக்கிழமை முழுக்க ஒருத்திக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. என்னைக் குத்தியது எது என்று அப்போது நான் பிரித்துப் பார்க்கவில்லை. அவரைத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு, தையலுக்குப் போடும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதுகைப் பார்த்தேன். பதினொன்று இருந்தன. பெரும்பாலும் கடுகளவு. ஒன்று மட்டும் மிளகுக்குக் கொஞ்சம் சின்னது. குங்குமத்தைக் குழைத்து ஊசி முனையால் வைத்தது போல நல்ல சிவப்பு. விரலால் தடவினால் லேசாக மேடு தட்டியது. வலிக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றார். அரிக்கிறதா. அதுவும் இல்லை.

"அவுங்களுக்கு வயசு இன்னா இருக்கும்?" என்றேன்.

"யாருக்கு?"

"சிஸ்டருக்கு."

"நா இன்னா ஆதார் கார்டா வாங்கிப் பாத்தேன்?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதற்குப் பிறகுதான் என் கஷ்டம் ஆரம்பித்தது. எதற்கெடுத்தாலும் சிஸ்டர் சொல்லிச்சு. மோரில் உப்புப் போட்டுக் குடிக்கணும், சிஸ்டர் சொல்லிச்சு. வெறும் வயிற்றோடு ஷிஃப்டுக்கு வரக்கூடாது, நாஷ்டா துன்னுட்டுத்தான் வரணும், சிஸ்டர் சொல்லிச்சு. பத்தொன்பது வருஷமாக நான் மோரைக் கரைத்து டப்பாவில் ஊற்றி பையில் வைத்தவள். பாதி நாள் அது புளித்து அப்படியே திரும்பி வரும். இப்போது டப்பா காலியாக வந்தது. காலி டப்பாவைக் கழுவும்போது எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். மாறாக, அதை ஓங்கிப் போட்டுக் கழுவினேன். காலேஜ் படிக்கும் என் மகள், "இன்னாமா, பாத்திரத்து மேல கோவம்?" என்று கேட்டாள். அவளிடம் சொல்லக்கூடிய விஷயமா இது.

அவர் தப்பான ஆள் இல்லை என்பது எனக்குத் தெரியும். சந்தேகம் என்று சொன்னால் அது பொய். சந்தேகமாக இருந்திருந்தால் சண்டை போட்டு முடித்திருப்பேன். இது வேறு. நான் சொன்னால் காற்றில் போகிற வார்த்தை, அவள் சொன்னால் மட்டும் எப்படிக் காதில் விழுகிறது என்ற எரிச்சல். நான் பார்க்காததை அவள் பார்த்தாள் என்ற எரிச்சல். அவள் முகம் தெரியாததால் நானே அவளுக்கு ஒரு முகம் செய்துகொண்டேன். வெள்ளைக் கோட்டு, நீள ஜடை, மெதுவான குரல். தைக்கும்போதெல்லாம் அந்தக் குரல் மோரைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தது.

போனில் சிவப்புப் புள்ளி என்று தேடினேன். ஒரு வீடியோவில் ஈரல் கெட்டால் இப்படி வரும் என்றார்கள். இன்னொன்றில் ரத்தம் சுத்தமில்லை என்றார்கள். ஒருவர் புற்றுநோய் என்றே சொன்னார். பயந்துபோனேன். ஆனால் அந்தப் பயத்துக்கு அடியில் இன்னொன்று இருந்தது. ஒன்றுமில்லை என்று அவள் சொல்லியிருக்கிறாள், பார்க்கலாம், என்று.

"ஒரு டாக்டராண்ட காட்டிடலாம்" என்றேன்.

"சிஸ்டர்தான் சொல்லிச்சே."

"சிஸ்டரு டாக்டரா?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு, "சரி, வர்ற ஞாயித்துக்கெழம எனக்கு ஆஃப். போலாம்" என்றார்.

திருவள்ளூரில் ஒரு தோல் டாக்டர் ஞாயிறு காலையிலும் பார்ப்பார் என்று என்னிடம் துணி தைக்க வரும் ஒரு அம்மா சொல்லியிருந்தார். பெரியபாளையம் வழியாக வண்டியில் போனோம். வழியெல்லாம் அவர் முதுகு என் கண்ணுக்கு நேரே இருந்தது. சட்டைக்கு அடியில் எந்த இடத்தில் எந்தப் புள்ளி என்று எனக்கு அப்போது நன்றாகத் தெரியும். டாக்டரிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று ஒரு சீட்டில் எழுதி பர்ஸில் வைத்திருந்தேன்.

டாக்டர் ஐம்பது வயதுக்கு மேற்பட்ட பெண். என் கணவரைச் சட்டையைக் கழற்றச் சொல்லிவிட்டு, விளக்கு வைத்த ஒரு சின்ன லென்ஸை ஒவ்வொரு புள்ளியின் மேலும் வைத்துப் பார்த்தார். அவரும் ஒரு பெண்தான், அவரும் என் கணவரின் முதுகைத்தான் பார்க்கிறார், எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. அது அந்த நேரத்திலேயே எனக்கு விசித்திரமாகப் பட்டது.

"இது தோலுக்கு அடியில இருக்கற பொடி ரத்தக்குழாய்ங்க" என்றார் டாக்டரம்மா. "அதுங்க ஒண்ணா சேந்து இப்படித் தெரியுது. முப்பது, நாப்பது வயசுக்கு மேல நெறைய பேருக்கு வரும். வயசு ஏற ஏற இன்னும் ரெண்டு கூடும். இங்கிலீஷ்ல செர்ரிப் பழத்தோட பேர வெச்சிருக்காங்க. ஒருத்தர்கிட்டேருந்து ஒருத்தருக்கு ஒட்டாது. மருந்து வேணாம். சொறியாதீங்க, சுண்ணாம்பு வெக்கறது, நூல் கட்டறதுன்னு எதுவும் பண்ணாதீங்க."

"ஃபர்னஸாண்ட வேல பாக்கறாரு, அந்தச் சூட்டுலயா?" என்றேன்.

"அதனால வந்ததுன்னு சொல்ல முடியாது. ஏசி ரூம்ல உக்காந்திருக்கறவங்களுக்கும் வருது."

"ஈரல்?"

"ஈரல் கோளாறுல வர்ற புள்ளி வேற மாதிரி இருக்கும். நடுவுல ஒரு புள்ளி, அதச் சுத்தி சிலந்திக் கால் மாதிரி மெல்லிசா கோடு போகும். கண்ணு மஞ்சளாகறது, வயிறு வீங்கறதுன்னு வேற அடையாளமும் இருக்கும். இவருக்கு அதெல்லாம் இல்ல."

"புத்து நோயி?"

என் கணவர் திரும்பி என்னைப் பார்த்தார். டாக்டரம்மா கோபப்படவில்லை. என் கையிலிருந்த சீட்டைப் பார்த்துவிட்டுப் பொறுமையாகவே சொன்னார். இந்தப் புள்ளிகள் அப்படி மாறுகிறவை இல்லை. ஆனால் எது அந்தப் புள்ளி, எது வேறு என்று வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியாது. ஒன்று தானாக ரத்தம் கசிந்தால், கிடுகிடுவென்று பெரிதானால், கறுத்துப்போனால், ஓரம் கோணல்மாணலாகப் பரவினால், வலித்தால், ஆறாத புண்ணாக நின்றால் வந்து காட்ட வேண்டும். அப்புறம் குரலைக் கொஞ்சம் மாற்றிச் சொன்னார்.

"இன்னொண்ணு இருக்கு. மேடு இல்லாம, ஊசி முனை மாதிரி சின்னச் சின்னதா, திடீர்னு கும்பலா கால்லயோ கையிலயோ வரும். விரலால அமுத்தினாலும் மறையாது. கூட காய்ச்சல், ஈறுல ரத்தம், அடிபடாமயே நீலம் பூக்கறது, இப்படி ஏதாவது இருந்தா அன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போகணும். ஞாயித்துக்கெழம வரைக்கும் காத்துக்கினு இருக்கக் கூடாது."

சீட்டில் இருந்ததெல்லாம் முடிந்துவிட்டது.

"கம்பெனியில சிஸ்டர் சொன்னாங்க, ஒண்ணும் இல்லன்னு" என்றார் என் கணவர், சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே.

"சரியாத்தான் சொல்லியிருக்காங்க. நல்ல சிஸ்டர்."

அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்குள் ஏதோ இறங்கியது. ஏமாற்றம். ஏமாற்றம்தான், வேறு பெயர் இல்லை. கணவருக்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்கிறார், எனக்கு ஏமாற்றமாக இருக்கிறது. அப்படியென்றால் நான் நாற்பது கிலோமீட்டருக்கு மேல் வண்டியில் உட்கார்ந்து எதை எதிர்பார்த்து வந்தேன்? அவள் சொன்னது தப்பாக இருக்க வேண்டும் என்று. அவள் சொன்னது தப்பு என்றால், இந்த மனிதருக்கு ஈரல் கெட்டிருக்க வேண்டும், அல்லது அதைவிட மோசமாக ஏதாவது. அதைத்தான் நான் வேண்டிக்கொண்டு வந்திருக்கிறேன். முகம் சுட்டது. கையிலிருந்த சீட்டைக் கசக்கினேன்.

எழுந்திருக்கப் போனபோது என் கணவர் உட்கார்ந்தபடியே இருந்தார்.

"இவங்களுக்கும் ஒண்ணு கீது மேடம். கய்த்துல. செயினு பட்டா ரத்தம் வருது."

நான் அதை அவரிடம் சொல்லவே இல்லை. கழுத்தின் பின்பக்கம், தாலிச் செயின் படும் இடத்தில், ரெண்டு மாதமாக ஒரு சிவப்புக் கட்டி. முதலில் மிளகு, பிறகு கொத்துக்கடலை. ரத்தம் வந்தால் வெட்டுத் துணியை வைத்து அமுக்கிக்கொள்வேன். தையல் வேலையில் குனிந்தே இருப்பதால் உரசுகிறது, போய்விடும் என்று விட்டிருந்தேன்.

"உங்களுக்கு எப்டி தெரியும்?" என்றேன்.

"தலகாணி உறையில கறை இருக்குதே" என்றார்.

டாக்டரம்மா என்னை உட்கார வைத்து முடியை ஒதுக்கிப் பார்த்தார். அந்த லென்ஸை வைத்தும் பார்த்தார். எப்போது வந்தது, எவ்வளவு வேகமாக வளர்ந்தது, எத்தனை தடவை ரத்தம் வந்தது என்று கேட்டார். "இவரோட புள்ளிக்கு இவ்ளோ கேள்வி கேட்டீங்க. இதத்தான் நீங்க மொதல்ல காட்டியிருக்கணும்" என்றார். அனேகமாகக் கெடுதல் இல்லாத சதை வளர்ச்சியாகத்தான் இருக்கும், ஆனால் கண்ணால் பார்த்து மட்டும் சொல்லக் கூடாது, எடுத்து டெஸ்டுக்கு அனுப்பிவிடலாம் என்றார்.

அங்கேயே மரத்துப்போக ஊசி போட்டு எடுத்தார்கள். செயினைக் கழற்றச் சொன்னபோது நான் தயங்கினேன். என் கணவர்தான் பின்னால் வந்து கொக்கியை விடுவித்து, செயினை மடித்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். திரும்பி வரும்போது வண்டி நிற்கும் இடத்திலெல்லாம் அவர் கை அந்தப் பையைத் தொட்டுப் பார்த்தது.

ரிப்போர்ட் வர ஒரு வாரம். அந்த வாரம் ஒருவருடைய ரவிக்கைக்கு ரெண்டு கையையும் இடது கையாகவே வெட்டிவிட்டேன். இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு தப்பு நடந்ததில்லை. அவரோ வீட்டில் அதைப் பற்றி எதையும் பேசவில்லை. வழக்கம்போலச் சாப்பிட்டார், பேப்பர் பார்த்தார், மகளிடம் காலேஜ் பஸ் சரியாக வருகிறதா என்று கேட்டார். என்ன மனுஷன் இவர் என்று நினைத்தேன்.

புதன்கிழமை மாலை வந்ததும் சொன்னார்: "கட்டு மேல தண்ணி படாம பாத்துக்கணுமாம். ரிப்போர்ட்டுல பெரிய பெரிய பேரா போட்டிருந்தாலும் படிச்சிட்டு பயப்படக் கூடாதாம். டாக்டராண்டதான் கேக்கணுமாம்."

"யாரு சொன்னது?" என்றேன், தெரிந்துகொண்டே.

"சிஸ்டரு."

கையிலிருந்த கத்தரிக்கோலைக் கீழே வைத்தேன். "எங் கய்த்தப் பத்தி அவகிட்ட ஏன் பேசறீங்க? உங்க முதுவப் பத்தி பேசுனீங்க, சரி. என்னியும் கொண்டுபோயி அங்க வெக்கணுமா?"

அவர் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"வேற யாராண்ட கேக்கறது? எனக்கு பயமா இருந்துச்சு."

எனக்காகப் பயந்திருக்கிறார். அந்தப் பயத்தை எடுத்துக்கொண்டு போய் அவளிடம் கொடுத்திருக்கிறார். என்னிடம் கொடுத்திருக்கலாம் என்று தோன்றியது. ஆனால் நான்தானே நோயாளி, என்னிடம் எப்படிச் சொல்வார் என்றும் தோன்றியது. ரெண்டும் ஒரே நேரத்தில் தோன்றியதால் எதையும் சொல்லாமல் அவருக்கு டீ போடப் போனேன்.

ரிப்போர்ட்டில் ஒன்றுமில்லை. உரசலில் புண்ணாகி ரத்தக்குழாய்கள் அதிகமாக வளர்ந்த சதை, அவ்வளவுதான், திரும்ப வந்தால் மட்டும் வாருங்கள் என்று டாக்டரம்மா சொன்னார். வெளியே வந்து, பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஆளுக்கு ஒரு கரும்பு ஜூஸ் குடித்தோம். அவர் ரெண்டு டம்ளர் குடித்தார்.

ஆயுத பூஜைக்கு ஆலையில் குடும்பத்தோடு வரச் சொல்வார்கள். இத்தனை வருஷம் நான் போனதில்லை. பண்டிகைக்கு முன்னால் தையல் வேலை கழுத்தை நெரிக்கும். இந்தத் தடவை போனேன். எனக்கென்று ஒரு ரவிக்கை தைத்தேன். அரக்கு நிறம், கையில் மட்டும் மெல்லிய ஜரிகை. அடுத்தவர்களுக்குக் கூட அவ்வளவு கவனமாகத் தைத்திருக்க மாட்டேன். எதற்கு என்று எனக்குத் தெரியும்.

மெஷின்களுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள். ஃபர்னஸை அணைத்திருந்தும் அந்தப் பக்கம் இன்னும் வெக்கை வந்தது. இங்கேதான் இந்த மனுஷன் தினமும் நிற்கிறாரா என்று பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போது பொரி பொட்டலம் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண் என்னிடம் நேராக வந்தாள். என்னைவிட அஞ்சாறு வயது சின்னவள். நல்ல உயரம். லட்சணமாக இருந்தாள் என்பதை நான் மறைக்கப் போவதில்லை. நீள ஜடை இல்லை, கழுத்து வரைக்கும்தான் முடி. குரல் மெதுவாகவும் இல்லை.

"அக்கா, கழுத்து ஆறிடுச்சா? கொஞ்சம் திரும்புங்க பாக்கலாம்" என்றாள்.

நான் யார் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. என் கணவர் அந்தப் பக்கம் யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். அவருடன் வந்ததைப் பார்த்திருப்பாள். நான் திரும்பினேன். அவள் விரல் தழும்பின் மேல் பட்டது.

"நல்லா ஆறிப்போச்சு. அந்த வாரம் அண்ணன் டீ டைம்ல டீ குடிக்கவே இல்லக்கா. எங்கிட்ட வந்து நிப்பாரு. கெட்டதா இருக்குமா சிஸ்டர், கெட்டதா இருக்குமா சிஸ்டர். எனக்கு இன்னா தெரியும், நா டாக்டர் இல்லண்ணான்னு தெனிக்கும் சொல்வேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல" என்றேன்.

"இங்க எல்லாரும் அப்படித்தான். ஊட்டுல சொல்லாததுக்குத்தான் எங்கிட்ட வராங்க. மூட்டு வலி, மூலம், கடன் தொல்ல, எல்லாம் எங்காதுலதான்." கை நிறையப் பொட்டலங்களோடு சிரித்தாள்.

அவளுடைய ரவிக்கை தோளில் ஒழுங்காக உட்காராமல் நழுவிக்கொண்டே இருந்தது. கழுத்தை அகலமாக வெட்டியிருந்தார்கள், மோசமான தையல். அதைப் பார்த்ததும் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம் வந்தது. அற்பம்தான். ஆனாலும் வந்தது. அதைச் சரிசெய்து தருகிறேன், வீட்டுக்கு வாருங்கள் என்று வாய் வரை வந்தது. சொல்லவில்லை. பொரியை வாங்கிக்கொண்டு, "நீங்க சொன்னதுனாலதான் மோர் குடிக்கறாரு" என்று மட்டும் சொன்னேன். அவ்வளவு நாள் மனசுக்குள் திட்டிய ஆளிடம் அதைச் சொல்வதே எனக்குப் பெரிய காரியம். அவளுக்கு அது ஒன்றும் பெரிதாகப் படவில்லை. "நல்லது அக்கா" என்று அடுத்த ஆளுக்குப் பொட்டலம் கொடுக்கப் போய்விட்டாள்.

பொங்கலுக்குப் பிறகு அவள் வேலையை விட்டுவிட்டாள். அவள் வீட்டுக்காரருக்கு ஒரகடம் பக்கம் வேலை கிடைத்து, குடும்பத்தோடு போய்விட்டார்களாம். இப்போது அந்த அறையில் ஒரு ஆண் நர்ஸ் இருக்கிறார். செய்தியைச் சொல்லிவிட்டு, "நல்ல பொண்ணு" என்றார் என் கணவர். அவருக்கு வருத்தமாக இருந்தது, அதை மறைக்கவும் இல்லை. எனக்கு அன்று சாயங்காலம் மனசு லேசாக இருந்தது. ரெண்டு நாள் அப்படியே இருந்தது.

மூன்றாவது வாரம்தான் கவனித்தேன். அவர் ஆலையைப் பற்றி எதையுமே சொல்வதில்லை. சிஸ்டர் சொல்லிச்சு என்று ஆரம்பித்துத்தான் இத்தனை நாள் எனக்கு அவருடைய உடம்புச் செய்தி வந்துகொண்டிருந்தது. எனக்குப் பிடிக்காத வாய் வழியாக வந்தாலும் வந்தது. இப்போது வருவதற்கு வழியே இல்லை. புது நர்ஸிடம் அவர் ஒன்றும் பேசுவதில்லை போலிருக்கிறது.

அதனால் நானே கேட்க ஆரம்பித்திருக்கிறேன். இந்த வருஷமும் மே மாதம் வந்துவிட்டது. ஷிஃப்ட் முடிந்து வந்து ஷூவைக் கழற்றும்போதே கேட்கிறேன், இன்றைக்கு ஃபர்னஸ் பக்கம் எவ்வளவு நேரம் நின்றீர்கள், தலை சுற்றியதா, தண்ணீர் குடித்தீர்களா என்று. முதலில், "ஒண்ணும் இல்ல" என்பார். அது ஒரு பதில் இல்லை என்று எனக்குத் தெரியும். துணியை ஓரமாகத் தள்ளிவிட்டு மெஷினை நிறுத்துகிறேன். நிறுத்தினால் உட்காருகிறார். கொஞ்ச நேரம் கழித்து, "மத்தியானம் லேசா கண்ணு கட்டிச்சு" என்கிறார்.